இறங்கிடுச்சா?

என் அக்கா புருஷனைத் தெருவில் எல்லாரும் சோப்பு மெக்கானிக் என்றுதான் சொல்வார்கள். உள்ளதைச் சொன்னால் அந்த ஆளுக்கு யாருக்கும் சோப்பு போடத் தெரியாது. அவர் வாயைத் திறந்தால் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள். இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பிரே பாட்டில் தொங்கும், அதில் சோப்புத் தண்ணீர் இருக்கும். அந்தப் பேருக்கு அவ்வளவுதான் காரணம்.

அவருடைய பிழைப்பு காற்றில் ஓடியது. பெரிய கார்கள் சிலவற்றில் கம்பிச் சுருளுக்குப் பதிலாகச் சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு ரப்பர் பை இருக்கும். அந்தப் பைக்குள் அடைத்த காற்றின் மேல்தான் முழுக் காரும் உட்கார்ந்திருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் உள்ளே இருக்கிறவருக்குத் தெரியாது. ஆனால் பையிலோ, அதற்குப் போகும் டியூப்பிலோ, திறந்து மூடும் வால்விலோ மயிரிழை அளவு விட்டுவிட்டால் தீர்ந்தது. ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி விடியும்போது ஒரு பக்கம் சரிந்து, காலை மடக்கிப் படுத்த மாடு மாதிரி கிடக்கும். எங்கே விடுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் சோப்புத் தண்ணீர். கசிகிற இடத்தில் அடித்தால் நுரை கட்டும்.

அதற்கு முன்னால் அத்தான் பஸ் பணிமனையில் இருந்தார். அங்கே மேலாளரோடு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தார். என்ன சண்டை என்றால், காற்றை ஏற்றுகிற கம்ப்ரெஸரை மாற்றச் சொல்லி உத்தரவு. முதலில் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும், அதை விட்டுவிட்டுக் கம்ப்ரெஸரை மாற்றினால் புதுசும் ஓய்வில்லாமல் ஓடி வெந்து போகும் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். சொன்னது சரி. சொன்ன விதம்தான் ஒரு மனுஷன் வேலையில் நீடிக்கிற விதம் இல்லை. அக்கா அன்றைக்கு அவரைத் திட்டுவாள் என்று நான் ஆசையாக எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, உன் கடையில் பாதி இடம் சும்மாத்தானே கிடக்கிறது என்றாள்.

அப்படித்தான் என் டயர் கடையும் அவர் பட்டறையும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வந்தன. நடுவில் சுவர் கிடையாது. பழைய டயர்களை அடுக்கி நானே எல்லை போட்டுக்கொண்டேன். பின்னால் அவர்கள் வீடு, இரண்டு அறையும் ஒரு சமையலறையும். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பட்டறை முற்றம். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை இருவரும் பேசி நான் கேட்டதில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வந்ததில்லை.

அக்காவுக்குப் பாம்புச் செவி. அடுப்படியில் நின்றுகொண்டே, அந்த வெள்ளைக் கார் திரும்பி வந்துவிட்டது, கம்ப்ரெஸர் இன்னும் முக்குகிறது என்பாள். போய்ப் பார்த்தால் அதே கார்தான் நிற்கும். எனக்கு அந்த வரம் இல்லை. வாழ்நாள் முழுக்கக் காற்றடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு எதிரே நின்று கத்தினால்தான் கேட்கும்.

அவளுக்கு நோய் மார்பில் தொடங்கி முதுகெலும்புக்கு வந்தது. புற்றுநோய் என்று டாக்டரம்மா சொன்ன நாளில் அத்தான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "ஆரம்பத்துல பிடிச்சிருந்தா அடைச்சிருக்கலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் என்ன வண்டியா என்று கேட்டேன்.

கதிர்வீச்சு கொடுக்க ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. எங்கள் தெருவிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ரோடு என்று ஒன்று இருப்பதாக நகராட்சி மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தது. முதல் தடவை வாடகைக் காரில் போனோம். ஒவ்வொரு குழிக்கும் அக்காவின் முதுகில் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல இருந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். திரும்பி வீட்டு வாசலில் இறங்கியதும், "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. நோவுல சாகிறேன், ரோட்டுல சாக மாட்டேன்" என்றாள். சொன்னால் சொன்னதுதான், அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அத்தான் முகம் செத்துப்போயிற்று.

பட்டறை மூலையில் ஒரு பெரிய கறுப்புக் கார் கிடந்தது. ஒரு காண்ட்ராக்டருடையது. நாலு பட்டறை பார்த்தும் சரியாகாமல், இந்தச் சனியனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சாவியை வீசிவிட்டுப் போயிருந்தார். அன்று சாயங்காலமே அத்தான் அதன் அடியில் படுத்தார். கம்ப்ரெஸர் எரிந்திருந்தது. உடைசல் கார் ஒன்றிலிருந்து வேறொன்றைக் கழற்றி மாட்டினார். கசிவைத் தேடவே இல்லை. எதற்காகப் பணிமனை வேலையை விட்டாரோ அதே தப்பைத் தன் கையாலேயே செய்தார். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தீங்களே என்று கேட்டேன். அவளுக்கு அடுத்த தடவை நாளை மறுநாள் என்றார்.

இது குலுங்காது, ஒரே ஒரு தடவை ஏறிப் பார் என்று அத்தான் கெஞ்சியதால் ஒப்புக்கொண்ட அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து பின் சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் ஓட்டினார். குழிகள் வந்தன, போயின. அக்கா கண்ணைத் திறந்து ரோட்டைப் பார்த்தாள். படகில் போகிற மாதிரி இருக்கிறது என்றாள். முன்னால் கண்ணாடியில் அத்தான் சிரித்ததைப் பார்த்தேன். அந்த ஆள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

மறுநாள் காலையில் கார் இடது பின்மூலையில் தரையோடு தரையாகக் கிடந்தது.

அவள் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "இறங்கிடுச்சா?" என்பதுதான். நல்லாத்தான் நிக்குது என்று சொல்லிவிட்டு அத்தான் முற்றத்துக்கு ஓடினார். அவளுக்கு ஜன்னல் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார். கம்ப்ரெஸர் உறுமி, காரின் பின்பக்கம் மெல்ல எழும்பியதைப் படுத்தபடியே பார்த்துவிட்டு, "பொய் சொல்றதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும் தம்பி. உங்க அத்தானுக்கு அது வரலை" என்றாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி போய்வந்த மறுநாளெல்லாம் அது வழக்கமாயிற்று. காலையில் அவள் கேட்பாள், அவர் இல்லை என்பார், முற்றத்தில் கம்ப்ரெஸர் ஓடும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் நாலு விரலை நுழைத்து உயரம் பார்ப்பார். நாலு விரல் போனால் முகம் தெளியும்.

ஆனால் கசிவு பிடிபடவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பையின் மடிப்பு மடிப்பாகச் சோப்புத் தண்ணீர் அடித்தார், நுரை கட்டவில்லை. பையையே மாற்றினார். இறங்கியது. வால்வுப் பெட்டியைப் பிரித்துச் சுத்தம் செய்தார். இறங்கியது. உயரம் பார்த்துச் சொல்லும் சென்சாரைச் சந்தேகப்பட்டு மாற்றினார். அப்போதும் இறங்கியது. கொடுமை என்னவென்றால் ஆஸ்பத்திரி போய்வந்த மறுநாள்தான் விழும். எழுப்பி நிறுத்திச் சோதித்தால் கல்லு மாதிரி நிற்கும். டாக்டரைக் கண்டதும் பல்வலி ஓடிப்போகிற கதைதான். அத்தான் கடன்காரனைத் தேடுகிற மாதிரி அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மற்ற வண்டிகள் வரிசையில் காத்திருந்தன. சில வண்டிக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள்.

ஒரு நாள் போகிற வழியிலேயே விழுந்துவிட்டது. ஓயாமல் ஓடிய கம்ப்ரெஸர் சூடேறித் தானாக நின்றுவிட, இடது பின்மூலை இறங்கி இரும்பின் மேல் இரும்பாக உட்கார்ந்தது. அவள் உட்கார்ந்திருந்த மூலை. மீதி வழி முழுக்க ஒவ்வொரு அடியும் நேராக அவள் முதுகுக்குப் போயிற்று. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்து தோல் உரிந்தது. எனக்கு அது வலிக்கவில்லை, அவள் கத்தாமல் இருந்ததுதான் தாங்கவில்லை. அத்தான் நடந்துபோகிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டிப் போயின. யாரோடும் சண்டைக்கு நிற்கிற மனுஷன் அன்றைக்குத் தலையைத் திருப்பவே இல்லை.

திரும்பி வந்ததும் அவள், இனி வரமாட்டேன் என்று சொல்வாள் என்று பயந்துகொண்டே நின்றார். அவள் அப்படிச் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு வேறொன்றைச் சொன்னாள். "நான் உட்கார்ந்ததும் சீட்டுக்கு அடியில ஸ்ஸ்னு ஒரு சத்தம் வருது. எந்திரிச்சா மெலிஞ்சுடுது."

இதை முன்பே இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அத்தான் ஒரே பதிலைத்தான் சொன்னார். ஆள் ஏறினால் பாரம் கூடும், வண்டி தன்னைச் சமப்படுத்திக்கொள்ள வால்வு திறக்கும், அந்தச் சத்தம் நோய் இல்லை, வண்டி மூச்சு விடுகிறது என்பார். பட்டறைக்கு வந்து பயந்துபோய்க் கேட்கிற எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன பதில். அந்த வேலை தெரியாத எவனாவது இருந்திருந்தால் முதல் நாளே குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்திருப்பான். இவருக்கு எல்லாம் தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. அந்த இடத்தில் டியூப் கம்பளத்துக்குக் கீழே போகிறது, அதில் இணைப்பு எதுவும் கிடையாது, இணைப்பு இல்லாத இடத்தில் கசியாது என்பது அவர் கணக்கு.

அன்றைக்கும் அதே பதிலைத் தொடங்கினார். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள். "என்னைத் திரும்ப அதுல உட்கார வைங்க. நான் உட்கார்ந்திருக்கும்போது பாருங்க" என்றாள். இப்போது வேண்டாம், உடம்பு தாங்காது என்று நாங்கள் இருவரும் சொன்னோம். "தாங்காத உடம்புதானே, இதுக்காவது பயன்படட்டும்" என்றாள்.

அவள் கொஞ்சம் தேறி, ஆஸ்பத்திரி இல்லாத ஒரு நாளில், முற்பகலில் அவளை நாற்காலியோடு தூக்கிப்போய்க் காரில் வைத்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அத்தான் கதவோரம் முழங்காலிட்டு, கம்பளத்தின் ஓரத்தைக் கிளப்பி, ஸ்பிரே பாட்டிலோடு காத்திருந்தார். அவள், "இன்னும் உள்ள தள்ளி… என் இடது காலுக்குப் பின்னால… ஆமா, அங்கதான்" என்று சொல்லச் சொல்லக் கையைக் கொண்டுபோனார். அடித்தார். சிறுசிறு நுரை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, பூத்து, உடைந்தது. சீட்டின் இரும்புச் சட்டம் பாரம் ஏறும்போதெல்லாம் அந்த டியூப்பை அழுத்தியிருக்கிறது. அழுத்தி அழுத்தித் தலைமுடி அகலத்துக்கு ஒரு வெடிப்பு. ஆள் எழுந்த பிறகும் உடனே மூடாமல் விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்து, பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மூடிக்கொண்டிருக்கிறது. சும்மா நின்ற காரில் எத்தனை தடவை சோதித்தாலும் எப்படித் தெரியும்? அவள் உட்கார்ந்தால்தான் கசிந்தது.

அத்தான் அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, இவ்வளவு வருஷத்தில் நான் சொன்னதை ஒரு தடவையாவது கேட்டிருந்தால் எங்கேயோ போயிருப்பீங்க என்றாள். எங்க போயிருப்பேன் என்று அவர் கேட்டார். அதுவும் சரிதான் என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த நேரத்தில் அவள் பிழைத்துவிடுவாள் என்றே நான் நம்பினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வெடித்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல டியூப் போட்டு இணைத்து, சட்டம் உரசாதபடி வேறு வழியாகக் கொண்டுபோனார். அடுத்த ஆஸ்பத்திரிப் பயணம் போல ஒரு பயணம் நாங்கள் போனதே இல்லை. அக்கா பாதி வழியில் தூங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் புதிதாக எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டார். அதற்குள் அக்காவைத் திரும்பக் காரில் உட்கார வைத்திருந்தோம். டாக்டரம்மா நல்ல மாதிரி, சுற்றி வளைக்கத் தெரியாதவர். இடுப்பு, விலா, ஈரல் எல்லாவற்றிலும் பரவிவிட்டது என்றார். அத்தான் படங்களைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும், ஆனாலும் பார்த்தார்.

"எந்த இடம்னு சொல்லுங்க டாக்டர். ஒவ்வொரு இடமா அடைச்சுக்கிட்டு வரலாமில்ல?"

"ஒரு இடம்னா அடைக்கலாங்க. இது அப்படி இல்லை. இனிமே இங்க கூட்டிட்டு வந்து அவங்களை அலைய வைக்க வேண்டாம். வலி தெரியாம இருக்க மருந்து தர்றேன், வீட்டுலயே வச்சுக்கோங்க."

நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னவாம் என்று கேட்டாள். நான் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தான் முந்திக்கொண்டார். "நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரை அறையலாம் போலிருந்தது. சொல்கிறதுதான் சொல்கிறார், ஒரு மாதம் கழித்து என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

மறுநாள் காலையில் நான் போனபோது அக்கா தலை வாரி, வெளுத்த நல்ல புடவை ஒன்றை மேலே போர்த்திக்கொண்டு, தலையணையில் சாய்ந்திருந்தாள். தலை வாரவே அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கார் நாலு காலிலும் நிமிர்ந்து நின்றது. பெட்டி மாதிரி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. வழக்கம்போல அவள் கேட்டாள்.

"இறங்கிடுச்சா?"

அத்தான் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார். "இறங்கிடுச்சும்மா. இன்னைக்குப் போக முடியாது" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் கதவைச் சாத்தி, வேகமாக வெளியே போனார்.

சாத்திய கதவுக்கு வெளியே ஸ்பேனர் இரும்பில் உரசுகிற சத்தம் எனக்கே கேட்டது. பிறகு ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். வால்வுப் பெட்டியில் இடது பின்மூலைக்குப் போகும் டியூப்பின் நட்டைத் தளர்த்திவிட்டிருக்கிறார். எனக்கே கேட்டதென்றால் அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? கசிவின் சத்தம் எது, கையால் திறந்துவிட்ட சத்தம் எது என்று அந்தக் காதுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று முழுக்கப் போய்த் தீரும்வரை அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

பிறகு போர்த்தியிருந்த புடவையை எடுத்து என்னிடம் நீட்டி, மடித்து வைக்கச் சொன்னாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். வெளியே கார் சரிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அத்தான், பிடிபட்ட திருடன் மாதிரி, ஸ்பேனரைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"நிதானமா பாருங்க" என்றாள் அக்கா. "அவசரம் ஒண்ணும் இல்லை."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். பகலில் காற்றேற்றி நிறுத்துவார், விடிந்ததும் திறந்துவிடுவார். அவள் இறங்கிடுச்சா என்பாள். இறங்கிடுச்சு என்பார். எங்க விடுதுன்னே தெரியலை என்பார். கிடைக்கும், தேடுங்க என்பாள். இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு முன்னால் நடத்திய அந்த நாடகத்தை நான் ஒரு நாளும் கலைக்கவில்லை. எத்தனையோ கார்களை எழுப்பி நிறுத்திய மனுஷன், நல்லாயிருக்கிற ஒரே ஒரு காரை நாள்தோறும் தன் கையால் படுக்க வைத்தார். பாட்டிலில் சோப்புத் தண்ணீர் வற்றிப்போய் அடியில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

ஒரு காலையில் அவள் கேட்கவில்லை. அத்தான் வெகுநேரம் கட்டிலோரம் நின்று பார்த்துவிட்டு, கேட்காத கேள்விக்கு, "இறங்கிடுச்சும்மா" என்று பதில் சொன்னார். நான்தான் அவரைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போய், பட்டறையைத் திறந்து கொஞ்ச நாளாயிருந்தது. ஒரு மத்தியானம் அந்தக் காண்ட்ராக்டர் வந்தார். முற்றத்தில் நிமிர்ந்து நிற்கிற தன் பழைய காரைப் பார்த்து அசந்துவிட்டார். சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், திரும்பக் கொடுத்தால் நல்ல விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுத்துத் தொலைத்துவிட்டால் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். டயர் அடுக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் காலையில் வருகிற அந்த ஸ்ஸ் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. மந்தக் காதுக்கு எது கேட்க வேண்டும், எது கேட்கக் கூடாது என்று ஒரு கணக்கு இருக்கக் கூடாதா?

அத்தான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, அது விற்கிறதுக்கு இல்லை, அதில் ஒரு கசிவு இருக்கிறது, இன்னும் பிடிபடவில்லை என்றார். காண்ட்ராக்டர் என்னைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார். நல்லாத்தானே நிக்குது என்றார்.

"இப்ப நிக்கும்" என்றார் அத்தான். "காலையில வந்து பாருங்க. இறங்கியிருக்கும்."